வீரர் வேறு, வீரர்களின் பிரதிநிதி வேறு

இந்திய மல்யுத்த சம்மேளனத் தலைவர் பதவிக்கு 2023 டிசம்பர் 21 அன்று நடைபெற்ற தேர்தலில் இரு வேட்பாளர்களும் பெற்ற வாக்குகளின் கூட்டுத்தொகை 47. சஞ்சய் சிங்குக்கு 40, அனிதா ஷியோரனுக்கு 7. அனிதா, 2010 தில்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற மல்யுத்த வீராங்கனை. சஞ்சய் சிங், வீராங்கனைகளின் பாலியல் புகார்களுக்கு உள்ளான முன்னாள் தலைவர் பிரிஜ் பூஷண் சரண் சிங்குக்கு நெருக்கமானவராக அறியப்பட்டவர். (புகார்களை பிரிஜ் பூஷண் மறுத்துவருகிறார்.) அன்று மாலையே, ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற சாக்ஷி மாலிக், செய்தியாளர்கள் முன்னிலையில் தனது காலணிகளை மேசையின் மீது வைத்துவிட்டு, மல்யுத்தத்திலிருந்து விலகுவதாகக் கண்ணீருடன் அறிவித்தார்.

அந்தக் காலணிகளின் படம் நாடெங்கும் பேசப்பட்டது. என் மனதில் நின்றது 47 என்ற எண்தான். இருபத்தைந்து மாநிலச் சங்கங்கள். சங்கத்துக்கு இரண்டு பேர். ஐம்பது பேர் கொண்ட வாக்காளர் பட்டியல். ஹரியாணாவின் அகாடாக்களில் விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்யும் எவருக்கும், வீரர் என்ற தகுதியில் அந்தப் பட்டியலில் இடமில்லை. தேர்தல் முறைகேடாக நடந்தது என்று நான் சொல்லவில்லை. விதிப்படி நடந்த தேர்தலே இப்படித்தான் முடியும் என்பதுதான் கவலைக்குரியது. அதிகாரிகள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் களத்தில் ஒரு வீராங்கனை வேட்பாளராக நின்றார். அவருடைய சகவீரர்கள் வாக்குச்சாவடிக்கு வெளியே நின்றார்கள்.

விளையாட்டு நிர்வாகத்தில் வீரர்களுக்கு இடம் வேண்டும் என்ற கோரிக்கையை இன்று எவரும் வெளிப்படையாக மறுப்பதில்லை. சட்டமே வந்துவிட்டது. ஆனால், இரண்டு வேறுபட்ட விஷயங்களை நாம் தொடர்ந்து குழப்பிக்கொள்கிறோம். பதக்கம் வென்ற ஒருவர் பதவி நாற்காலியில் அமர்வது ஒன்று; வீரர்களின் வாக்கைப் பெற்று, அவர்களுக்குப் பதில் சொல்லும் கடமையோடு ஒருவர் அமர்வது வேறொன்று.

வீரர்களே வாக்காளர்களாக இருக்கும் தேர்தலுக்கு உலக அளவில் ஒரு முன்மாதிரி உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக் கிராமத்தில், சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் வீரர்கள் ஆணையத்துக்கு நான்கு பேரைத் தேர்ந்தெடுக்க வாக்குப்பதிவு நடந்தது. அமெரிக்க ஓட்டப்பந்தய வீராங்கனை அலிசன் பெலிக்ஸ், ஜெர்மனியின் ஜிம்னாஸ்டிக் வீராங்கனை கிம் புய், ஆஸ்திரேலியாவின் துடுப்புப் படகு வீராங்கனை ஜெசிக்கா பாக்ஸ், நியூஸிலாந்தின் டென்னிஸ் வீரர் மார்கஸ் டேனியல் ஆகியோர் வென்றனர். போட்டிகளில் பங்கேற்க வந்தவர்கள்தான் வாக்காளர்கள். சொந்த நாட்டினரின் வாக்குகளை மட்டும் வைத்து எவரும் வென்றுவிட முடியாது. அறிமுகமில்லாத நாட்டு வீரரிடமும், அறியாத விளையாட்டைச் சேர்ந்தவரிடமும் ஆதரவு கேட்டாக வேண்டும்.

பெலிக்ஸின் வெற்றிக்கு அவருடைய 11 ஒலிம்பிக் பதக்கங்கள் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. மகப்பேற்றுக் காலத்தில் வீராங்கனைகளின் ஒப்பந்த வருவாய் வெட்டப்படுவதை எதிர்த்து, 2019-இல் நைக்கி நிறுவனத்தைப் பெயர் சொல்லி அவர் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் எழுதினார். சில மாதங்களில் அந்நிறுவனம் தன் விதிகளை மாற்றிக்கொண்டது. பாரிஸ் ஒலிம்பிக் கிராமத்தில் கைக்குழந்தைகளோடு வரும் பெற்றோருக்கென்று தனி இடம் அமைந்ததிலும் அவருடைய பங்கு பெரிது. ஆடைமாற்றும் அறையில் பேசப்படும் குறையை நிர்வாகத்தின் மேசைக்குக் கொண்டு செல்வதுதான் பிரதிநிதியின் வேலை என்றால், அதைத் தேர்தலுக்கு முன்பே செய்து காட்டியவர் அவர்.

இந்த ஏற்பாடு எளிதில் கிடைத்ததல்ல. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை மேற்கு ஜெர்மனி புறக்கணிக்கக் கூடாது என்று வீரர்களின் சார்பில் வாதாடினார் 1976 மாண்ட்ரியல் போட்டியில் தங்கம் வென்ற வாள்வீச்சு வீரர் தாமஸ் பாக். அவருடைய வாதம் எடுபடவில்லை; அரசியல்வாதிகளும் அதிகாரிகளும் முடிவெடுத்தார்கள்; வீரர்கள் வீட்டில் இருந்தார்கள். மறு ஆண்டு பாடன் பாடன் நகரில் நடந்த ஒலிம்பிக் மாநாட்டில்தான் வீரர்கள் பேச அழைக்கப்பட்டனர். பாக், செபாஸ்டியன் கோ, கென்யாவின் கிப் கெய்னோ போன்றோர் அங்கே பேசினார்கள். அதன் விளைவாக வீரர்கள் ஆணையம் பிறந்தது. அதன் உறுப்பினர்களை வீரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முறை வருவதற்கு 1996 அட்லாண்டா வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த முன்மாதிரியைக் குறையற்றதாகக் காட்டுவதும் நேர்மையாகாது. ஒருவர் வேட்பாளராக வேண்டுமானால், அவருடைய நாட்டின் ஒலிம்பிக் சங்கம் அவரை முன்மொழிய வேண்டும். ஒரு நாட்டுக்கு ஒருவர்தான். வாக்களிப்பவர்கள் வீரர்கள், ஆனால், வேட்பாளராகும் வாசலில் நிற்பவர்கள் அதிகாரிகள். சொந்த நாட்டுச் சங்கத்தோடு மோதிய வீரர் அந்த வாசலை எப்படித் தாண்டுவார்? அப்படியே தாண்டி வென்றாலும், அதிகபட்சம் 115 உறுப்பினர்களைக் கொண்ட கமிட்டியில் வீரர்களுக்கான இடங்கள் 15 மட்டுமே.

நிறுவனத்துக்குள் நுழைந்தவர்கள் நாளடைவில் நிறுவனத்தின் குரலாகவே மாறிவிடும் அபாயமும் உண்டு. பரிசு மேடையில் அரசியல், இன உரிமை சார்ந்த எதிர்ப்புச் சைகைகளைத் தடைசெய்யும் 50-ஆம் விதி குறித்து, 3,500-க்கும் மேற்பட்ட வீரர்களிடம் கருத்துக் கேட்டு, தடை தொடரலாம் என்று 2021-இல் பரிந்துரைத்தது இதே வீரர்கள் ஆணையம்தான். பெரும்பான்மையினரின் கருத்தே அது என்றார்கள். இருக்கலாம். ஆனால், எதிர்ப்புக் குரல் எழுப்ப வேண்டிய தேவை எப்போதுமே சிறுபான்மையினருக்குத்தான் வருகிறது என்பதை ஒரு பிரதிநிதித்துவ அமைப்பு எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அப்போது அந்த ஆணையத்தின் தலைவராக இருந்தவர் ஜிம்பாப்வேயின் நீச்சல் வீராங்கனை கிர்ஸ்டி கவென்ட்ரி. 2012 லண்டன் தேர்தலில் அவர் பெற்ற இடமே ஒரு சர்ச்சையின் முடிவில் வந்தது. அதிக வாக்குகள் பெற்ற ஜப்பானின் கோஜி முரோபுஷியும் தைவானின் சூ மூ-யென்னும் பிரசார விதிகளை மீறியதாகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டு, அவர்களுடைய மேல்முறையீடுகளும் தள்ளுபடியான பிறகே, 2013-இல் அவருக்கு அந்த இடம் உறுதியானது. அதே கவென்ட்ரி 2025 மார்ச்சில், 97 வாக்குகளில் 49 பெற்று, முதல் சுற்றிலேயே சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தலைவரானார். அப்பதவிக்கு வந்த முதல் பெண்; முதல் ஆப்பிரிக்கர். வீரர்களின் வாக்குப்பெட்டி ஒருவரை எவ்வளவு தொலைவு கொண்டு செல்லும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. அவ்வளவு தொலைவு சென்றவர் யாருக்காகப் பேசுவார் என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்தியாவுக்கு வருவோம். உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டால் திருத்தப்பட்ட விதிகளின்படி, 2022 நவம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் வீரர்கள் ஆணையத்துக்குப் பத்து உறுப்பினர்கள் தேர்வானார்கள். மேரி கோம், பி.வி. சிந்து, மீராபாய் சானு, சரத் கமல், பவானி தேவி என்று பட்டியலில் இருந்த பெயர்களைக் குறைசொல்ல எவராலும் முடியாது. ஆனால், பத்து இடங்களுக்குப் பத்தே பேர் மனு தாக்கல் செய்ததால் வாக்குப்பதிவே நடக்கவில்லை. அதே மாதத்தில் நம் சென்னை வீரர் சரத் கமல், சர்வதேச டேபிள் டென்னிஸ் கூட்டமைப்பின் வீரர்கள் ஆணையத்துக்கு, உலகின் பல நாட்டு ஆட்டக்காரர்களிடம் வாக்குப் பெற்றுத் தேர்வானார். ஒரே மனிதர், ஒரே மாதம், இரண்டு ஆணையங்கள். ஒன்றுக்கு அவர் வாக்குக் கேட்டுப் போனார். மற்றொன்றுக்குக் கேட்க வேண்டிய அவசியமே எழவில்லை.

அடுத்த மாதம் பி.டி. உஷா போட்டியின்றி இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவரானார். நாடு மகிழ்ந்தது; நானும் மகிழ்ந்தேன். சில வாரங்களிலேயே மல்யுத்த வீராங்கனைகள் ஜந்தர் மந்தரில் அமர்ந்தார்கள். புகார்களை விசாரிக்க மேரி கோம் தலைமையில் அரசு அமைத்த குழுவின் முழு அறிக்கை வெளிவரவில்லை. முக்கிய முடிவுகள் என்று சிலவற்றை மட்டுமே அமைச்சகம் சொன்னது. ஏப்ரலில் வீராங்கனைகள் மீண்டும் தெருவுக்கு வந்தபோது, அது ஒழுங்கீனம் என்றார் உஷா. சில நாள்களில் அவர்களை நேரில் சந்தித்து ஆறுதலும் கூறினார் என்பதையும் சொல்ல வேண்டும். உஷாவையும் மேரி கோமையும் பழிப்பது என் நோக்கமல்ல. தெருவில் அமர்ந்திருந்தவர்களின் வாக்கால் அவர்கள் அந்தப் பொறுப்புகளுக்கு வரவில்லை. எனவே, அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் இருக்கவில்லை.

செய்தியாளனாக மாவட்ட விளையாட்டுச் சங்கங்களின் பொதுக்குழுக் கூட்டங்களுக்குச் சென்ற காலத்தில் ஒரு காட்சியைப் பலமுறை கண்டிருக்கிறேன். முன்னாள் வீரர் ஒருவரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவார்கள். அவர் பேசுவார், கைதட்டல் எழும். மதிய உணவுக்குப் பிறகு கணக்கும் தீர்மானங்களும் வரும்போது அவர் ஊருக்குப் பேருந்து ஏறியிருப்பார்.

மல்யுத்தத்துக்கே திரும்புகிறேன். சம்மேளனத்தின் மீதான தடையை 2024 பிப்ரவரியில் நீக்கியபோது உலக மல்யுத்த அமைப்பு ஒரு நிபந்தனை விதித்தது: வீரர்கள் ஆணையத்துக்குத் தேர்தல் நடத்த வேண்டும், வேட்பாளர்கள் களத்தில் இருப்பவர்களாகவோ, ஓய்வுபெற்று நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகாதவர்களாகவோ இருக்க வேண்டும், வீரர்கள் மட்டுமே வாக்களிக்க வேண்டும். இந்திய விளையாட்டு நிர்வாகத்துக்கு வெளியிலிருந்து வந்த மிகத் தெளிவான வரையறை இது. ஏப்ரலில் வாராணசியில் தேர்தல் நடந்தது. ஏழு இடங்களுக்கு எட்டுப் பேர் போட்டியிட்டனர். நர்சிங் யாதவ் தலைவரானார். 2016-இல் ஊக்கமருந்து வழக்கில் நான்காண்டுத் தடை பெற்றவர் அவர்; தான் சதிக்கு இரையானதாகச் சொல்பவர். இந்த முடிவைப் பலர் எள்ளி நகையாடினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நமக்குப் பிடித்தவர் வெல்வதற்காகத் தேர்தல் நடத்துவதில்லை. எட்டுப் பேர் மட்டுமே முன்வந்தது ஏன் என்பதுதான் என் கேள்வி.

விடை ஓரளவு வெளிப்படை. தேசிய முகாமுக்கு அழைப்பு, வெளிநாட்டுப் போட்டிக்குப் பெயர்ப் பரிந்துரை, ரயில்வேயிலோ காவல் துறையிலோ வேலைக்கு வேண்டிய பங்கேற்புச் சான்றிதழ் என்று ஒரு வீரரின் வாழ்க்கையே சங்கத்தின் கையெழுத்தில் தொங்குகிறது. அந்தக் கையெழுத்தை இடுபவருக்கு எதிராக நிற்பதற்குத் துணிவு மட்டும் போதாது, பாதுகாப்பும் வேண்டும்.

2025 ஆகஸ்டில் நிறைவேறிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், சம்மேளனங்களின் செயற்குழுவை அதிகபட்சம் 15 பேராக வரையறுக்கிறது. அவர்களில் குறைந்தது இருவர் சிறந்த சாதனை புரிந்த வீரர்களாகவும், குறைந்தது நால்வர் பெண்களாகவும் இருக்க வேண்டும். வீரர்கள் குழு, தீர்ப்பாயம், தேர்தல்களை மேற்பார்வையிடும் ஏற்பாடு ஆகியவையும் உண்டு. வரவேற்க வேண்டிய சட்டம்தான். எனினும், சாதனை என்பது தகுதி. அது வாக்கு ஆகாது. வீரர்கள் குழுவில் அமர்பவர்கள் எப்படி அங்கே வருகிறார்கள் என்பதில்தான் சட்டத்தின் பயன் அடங்கியிருக்கிறது. ஒலிம்பிக் கிராமத்தில் செய்வதை நம் தேசிய சாம்பியன்ஷிப் போட்டிகளில் செய்ய என்ன தடை? போட்டிக்கு வரும் ஒவ்வொருவரும் வாக்காளர். பெயர்ப் பதிவு நடக்கும் இடத்திலேயே வாக்குப்பெட்டி. எந்த மாநிலத்தார் யாருக்கு வாக்களித்தார் என்பது தெரியாதவாறு எல்லா வாக்குகளையும் ஒன்றாகக் கலந்து எண்ணலாம். வேட்பாளராக நிற்பதற்குச் சங்கத்தின் பரிந்துரை தேவையில்லை, சகவீரர்கள் சிலரின் கையெழுத்தே போதும் என்று வைக்கலாம். பெருஞ்செலவு எதுவும் இதற்கு ஆகாது.

சாக்ஷியோடு ஜந்தர் மந்தரில் அமர்ந்திருந்த வினேஷ் போகாட், 2024 அக்டோபரில் ஹரியாணாவின் ஜுலானா தொகுதியில் வென்று சட்டமன்ற உறுப்பினரானார். உழவரும் வணிகரும் இல்லத்தரசிகளும் அவருக்கு வாக்களித்தார்கள். அதற்குப் பத்து மாதங்களுக்கு முன் நடந்த மல்யுத்த சம்மேளனத் தேர்தலின் ஐம்பது பேர் பட்டியலில், உலக சாம்பியன்ஷிப்பில் இரு முறை பதக்கம் வென்ற அவருடைய பெயர் இல்லை.