படம் பொய்யைக் காட்டும், மெய்யைக் காட்டாது: இணையத்தில் விற்கப்படும் விளையாட்டு வீரர்களின் கையெழுத்துகள் குறித்து எங்கள் நிலைப்பாடு

இணையத்தில் விலைக்கு வந்திருக்கும் ஒரு ஜெர்சியையோ பேட்டையோ பந்தையோ படமாக அனுப்பி, "இதிலிருக்கும் ஆட்டோகிராஃப் ஒரிஜினல்தானா?" என்று கேட்பவர்களுக்கு எங்கள் சேகரிப்பாளர் சங்கம் இனி "ஆம்" என்று பதில் சொல்லாது. போலி என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் காரணத்தோடு சொல்வோம். மற்ற எல்லாவற்றுக்கும் "மெய்ப்பிக்கப்படவில்லை" என்பதே எங்கள் விடை. மெய்ப்பிக்கும் பொறுப்பு விற்பவருடையது. வீரரின் கையிலிருந்து தன் கைக்கு அந்தப் பொருள் எப்படி வந்தது என்பதை அவர் காட்ட வேண்டும். உறுப்பினர்களில் சிலருக்கு இது ரொம்பக் கறாராகப் படலாம். எதனால் இந்த முடிவுக்கு வந்தோம் என்று விளக்கவே இந்த அறிக்கை.

இந்த வியாபாரத்தில் ஏமாற்று எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நன்றாகப் பதிவான சாட்சியம் அமெரிக்க பேஸ்பால் உலகில் இருக்கிறது. 1990களின் பிற்பாதியில் கலிபோர்னியாவின் சான் டியாகோவில் எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற புலனாய்வை நடத்தியது. 1999 அக்டோபரில் சோதனைகள் நடந்தன. சிக்கிய கும்பலில் கையெழுத்துப் போடுகிறவர், சான்றிதழ் கொடுக்கிறவர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் என்று ஒரு தொழிற்சாலைக்கு வேண்டிய அத்தனை பேரும் இருந்தார்கள். பேஸ்பால் நட்சத்திரங்களான, 1948இல் இறந்த பேப் ரூத்தும் 1995இல் இறந்த மிக்கி மேன்டிலும் அவர்கள் புண்ணியத்தில் ஓயாமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால்கூடப் பிடிபட்டது. அதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்தப் பந்தையும் விற்க முடியும் என்று நம்பித்தான் செய்திருக்கிறார்கள். இழப்பு பத்துக் கோடி டாலர் வரை போகும் என்றது எஃப்.பி.ஐ. அதிகம் விலைபோகும் பெயர்களில் பாதிக்கு மேல் போலி என்பது அப்போது துறைக்குள்ளேயே சொல்லப்பட்ட மதிப்பீடு. யாரும் எண்ணிப் பார்த்துச் சொன்னதல்ல என்பதால் அதில் பாதியைத் தள்ளிவிட்டாலும், நான்கில் ஒன்று போலி என்றாகிறது.

அதே சான் டியாகோவின் பாட்ரெஸ் பேஸ்பால் அணிக்கு மட்டுமே ஆடிய டோனி க்வின், அணியின் சொந்தக் கடையிலேயே தன் பெயரில் போலிக் கையெழுத்துகள் விற்பனைக்கு இருப்பதைக் கண்டார். கையெழுத்துக்கு உரியவரே நேரில் பார்த்ததால் அது தெரியவந்தது. அதை வாங்கி அடுக்கிய கடைக்குத் தெரியவில்லை. கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கக்கூடிய பொருளுக்கே இந்தக் கதி என்றால், கைப்பேசித் திரையில் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்க்கும் படத்தை நம்பி நாங்கள் எப்படி "ஒரிஜினல்" என்று சொல்வது?

படத்தால் எதுவும் ஆகாது என்பது எங்கள் வாதமல்ல. அதன் எல்லை எது என்பதுதான் கேள்வி. பேப் ரூத் பெயரில் வரும் ஒரு பந்தையே எடுத்துக்கொள்வோம். அக்காலத்து அமெரிக்கன் லீக் பந்துகளில் லீக் தலைவரின் பெயர் கையெழுத்து வடிவில் அச்சாகியிருக்கும். 1931 முதல் 1959 வரை வில் ஹாரிட்ஜ். அதன்பின் 1973 வரை ஜோ குரோனின். குரோனின் பெயர் அச்சான பந்தில் ரூத்தின் கையெழுத்து இருந்தால் எழுத்தின் வளைவு நெளிவை ஆராயவே வேண்டாம். ரூத் இறந்து பத்தாண்டுக்கும் மேல் கழித்து வந்த பந்து அது. இன்னொரு பேஸ்பால் நட்சத்திரம் லூ கெரிக் இறந்தது 1941இல். பால்பாயின்ட் பேனா அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தது 1945 அக்டோபரில். ஆகவே கெரிக்கின் பால்பாயின்ட் கையெழுத்து என்று ஒன்று இருக்க முடியாது. ஷார்ப்பி மார்க்கர் வந்தது 1964இல். இப்படிப்பட்ட முரண்களைப் படத்திலேயே பிடித்துவிடலாம், நாங்களும் பிடித்துச் சொல்வோம். இப்போது அதே பந்தில் ஹாரிட்ஜ் பெயர் இருக்கிறது, மை ஊற்றுப்பேனா மை, தோல் பழுப்பேறியிருக்கிறது, அந்தக் கால வழக்கப்படி மேலே ஷெல்லாக் பூசியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரூத் கையெழுத்திட்டார் என்பதற்கு இவற்றில் எது சாட்சி? கையெழுத்தில்லாத பழைய பந்து காசுக்குக் கிடைக்கும். ஷெல்லாக் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். பழைய புத்தகத்தின் வெற்றுத்தாளைக் கிழித்தால் அந்தக் காலத்துக் காகிதமும் தயார். இந்தச் சோதனைகளில் மாட்டுபவன் விவரம் தெரியாத போலிக்காரன் மட்டுமே. விவரம் தெரிந்தவன் இந்தச் சோதனைகளைப் படித்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறான்.

எழுத்தோட்டத்தைப் பார்ப்பதும் அப்படித்தான். இயல்பாகக் கையெழுத்திடுபவரின் பேனா ஓடிக்கொண்டே தாளைத் தொடும், ஓடிக்கொண்டே விலகும். அதனால் கோட்டின் தொடக்கமும் முடிவும் கூர்ந்திருக்கும். பார்த்து வரைகிறவரின் கோடு மெதுவாக நகரும். முனை மழுங்கியிருக்கும், நடுவில் நடுக்கம் தெரியும், பேனாவை எடுத்து மறுபடி வைத்த இடம் தெரியும். நல்ல அளவுகோல்தான். ஆனால் மைதான வேலியருகே கூட்டம் நெருக்க, பேட்டின் வளைந்த பக்கத்தில் நின்றபடி போட்ட அசல் கையெழுத்தும் நடுங்கியே இருக்கும். அதற்கு மாறாக, நூறு முறை எழுதிப் பழகியவனின் போலி வழுக்கிக்கொண்டு போகும். இன்றைய வீரர்கள் பலரின் கையெழுத்து ஒரு சுழியும் இரண்டு இழுப்பும்தான். அதில் ஆராய என்ன இருக்கிறது? இரண்டு கையெழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் இம்மி பிசகாமல் பொருந்துகிறது என்றால் அது இயந்திரம் போட்டது, அல்லது அச்சடித்தது என்று சொல்லிவிடலாம், ஏனென்றால் எந்த மனிதனும் இரண்டு முறை ஒரே மாதிரி எழுதுவதில்லை. பொருந்தவில்லை என்பதால் அது அசல் ஆகிவிடாது.

நிலம் வாங்கும்போது பத்திரத்தின் எழுத்து அழகாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை; தாய்ப்பத்திரம் கேட்கிறோம், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். கையெழுத்துக்கும் வந்த வழியைத்தான் கேட்க வேண்டும் என்கிறோம். இது புதுமையான யோசனையும் அல்ல. புல்பென் விவகாரத்துக்குப் பிறகு, 2001இல் மேஜர் லீக் பேஸ்பால் தனக்கென ஓர் அங்கீகாரத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் அடிப்படை எளிமையானது: லீக்கின் சார்பில் ஓர் ஆள் நேரில் பார்க்காத எதற்கும் சான்று கிடையாது. அந்த ஆட்களில் பலர் காவல்துறையில் இருப்பவர்கள் அல்லது இருந்தவர்கள். வீரர் கையெழுத்திடுவதைப் பார்த்த உடனே அந்தப் பொருளில் எண்ணிட்ட ஹோலோகிராம் ஒட்டப்படுகிறது. வாங்குபவர் அந்த எண்ணை லீக்கின் இணையப் பதிவேட்டில் சரிபார்க்கலாம். கையெழுத்து நிபுணர்களுக்குப் பஞ்சமில்லாத ஒரு நாட்டில், கோடிக்கணக்கில் பணம் புரளும் ஒரு லீக், நிபுணரின் கண்ணை விடக் கண்ணால் கண்ட சாட்சியை நம்பியது கவனிக்கத்தக்கது.

எங்களுக்கு வரும் முதல் ஆட்சேபம் இதிலிருந்தே எழுகிறது. கையெழுத்துகளை ஒப்பிட்டுச் சான்று தரும் தனியார் நிறுவனங்கள் இருக்கின்றனவே, அவர்கள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் போதாதா என்கிறார்கள். அவர்களில் நேர்மையானவர்கள் செய்யும் வேலையை மதிக்கிறோம். ஒப்பந்தங்கள், காசோலைகள் போன்ற ஐயமற்ற மாதிரிகளோடு வைத்துப் பார்க்கும் அனுபவமுள்ள கண் எங்கள் கண்ணைவிட மேலானது. பொருளைக் கையில் வாங்கிப் பார்ப்பதால் அவர்களுக்கு வசதியும் அதிகம். ஆனாலும் அவர்கள் தருவது கருத்து. பார்த்தவர் சொல்வது சாட்சியம். இரண்டையும் ஒரே ஸ்டிக்கர் வடிவத்தில் பார்த்துப் பழகிவிட்டதால் வேறுபாடு மறந்துபோகிறது. விற்பவரே அச்சடித்துக் கொடுக்கும் 'சர்டிஃபிகேட் ஆஃப் அதென்டிசிட்டி' இந்த இரண்டிலும் சேராது. புல்பென் கும்பலின் சரக்கும் சான்றிதழோடுதான் போனது.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. தாத்தாவின் ஆல்பத்தில் இருக்கும் கையெழுத்துக்கு எந்தச் சாட்சியும் இருக்காது. நேர்மையான குடும்பம் அதை விற்க வந்தால் சந்தேகப் பட்டியலில் தள்ளுவது நியாயமா? "மெய்ப்பிக்கப்படவில்லை" என்பது குற்றச்சாட்டு ஆகாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். பழைய ஆல்பங்களுக்கும் பெரும்பாலும் ஏதாவது ஒரு வழி இருக்கும்: எந்த ஊரில், எந்தத் தொடரில், அணி எங்கே தங்கியது, பக்கத்தில் வேறு யாருடைய கையெழுத்துகள், அவர்கள் எல்லோரும் அந்தத் தேதியில் அங்கே இருந்தார்களா. அன்றைய செய்தித்தாளோடு ஒத்துப்போகும் ஓர் ஆல்பம், பளபளப்பான சான்றிதழோடு வரும் தனித்தாளைவிட எங்களுக்கு மேல். இங்கே எங்கள் வாதத்துக்கே எதிரான ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்க அணிகளின் கிளப்ஹவுஸ் ஊழியர்களும் அலுவலக உதவியாளர்களும் நட்சத்திர வீரர்களுக்காகத் தாங்களே கையெழுத்திட்டு ரசிகர்களுக்கு அனுப்பியது உண்டு. உறையின் தபால் முத்திரை உண்மை, அணியின் லெட்டர்ஹெட் உண்மை, கையெழுத்து மட்டும் வேறொருவருடையது. ஆகவே வந்த வழி அணியின் அலுவலகம் வரை தெரிந்தால் போதாது, கையெழுத்திட்ட நிமிடம் வரை போக வேண்டும். போகாத இடத்தில் விலை அதற்கேற்பக் குறைய வேண்டும், அவ்வளவுதான்.

விற்பவர் மேல் இவ்வளவு சுமையை ஏற்றினால் சிறு வியாபாரிகள் தாங்குவார்களா என்றும் கேட்கிறார்கள். கலிபோர்னியா இதைச் சட்டமாகவே செய்து பார்த்திருக்கிறது. கையெழுத்திட்ட விளையாட்டுப் பொருட்களுக்கு அங்கே 1990களிலேயே வந்த சட்டம், வியாபாரி தன் முன்னிலையில் கையெழுத்தானது என்று சொன்னால் இடத்தையும் தேதியையும் எழுதித் தரச் சொன்னது. மீறினால் இழப்பைப் போலப் பத்து மடங்கு வரை கேட்க வழிசெய்தது. அந்தச் சட்டத்தை எல்லா வகைக் கையெழுத்துப் பொருட்களுக்கும் விரித்தபோது புத்தகக் கடைக்காரர்கள் எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். பிறகு புத்தகங்களுக்கு விலக்கு தரப்பட்டது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. எழுத்தாளர் கடைக்கே வந்து போட்டுக்கொடுக்கும் இருபது டாலர் புத்தகத்துக்கு அத்தனை காகிதம் அநாவசியம். கையெழுத்து இருப்பதாலேயே பல மடங்கு விலை ஏறும் ஜெர்சிக்கும் பேட்டுக்கும் அந்த வாதம் பொருந்தாது. ஏறிய விலை முழுவதும் எதற்காகக் கேட்கப்படுகிறதோ, அதற்கு மட்டும் ஆதாரம் கேட்கக்கூடாதா?

இந்தியாவில் கிரிக்கெட் பொருட்களை இணையத்தில் வாங்குபவர்களுக்குக் கைகொடுக்கும் சட்டமும் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, போலியான பொருளையும் விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும் திருப்பி எடுத்துக்கொள்ள விற்பவர் மறுக்க முடியாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். சிக்கல் விளம்பரத்தின் வாசகத்தில் இருக்கிறது. 'கையெழுத்துடன்' என்று மட்டும் போட்டு, அச்சடித்த கையெழுத்தை அனுப்பிவிட்டு "நாங்கள் நேரில் போட்டதென்று சொல்லவில்லையே" என்பார்கள். வீரர் ஏதோ ஒரு ஜெர்சியில் கையெழுத்திடும் புகைப்படத்தை ஆதாரமாக வைப்பார்கள். விற்கப்படும் ஜெர்சிதான் அது என்பதற்கு, எழுத்து எந்தத் தையலைத் தொடுகிறது, எந்த மடிப்பில் மை தடித்திருக்கிறது என்று படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாலன்றி அந்தப் படத்துக்கு மதிப்பில்லை. எனவே விற்பனைத் தளங்கள் கையால் இட்டது, அச்சடித்தது என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் விளம்பரத்தை ஏற்கக்கூடாது என்றும், வந்த வழி பற்றி விற்பவர் எழுதியதை விற்பனைக்குப் பிறகும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்றும் கோருகிறோம்.

வாங்குபவர்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். பணம் அனுப்பும் முன், இந்தக் கையெழுத்து எங்கே, எப்போது போடப்பட்டது, யார் பார்த்தார்கள் என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் எழுத்தில் வரவில்லை என்றால், கையெழுத்தில்லாத ஜெர்சியின் விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.