காசும் வேண்டாம், களவும் வேண்டாம்... கிண்டிலில் கல்கி!

பேரன் முதல் சம்பளத்தில் தாத்தாவுக்கு ஒரு கிண்டில் வாங்கிக் கொடுக்கிறான். "இனிமே பூதக்கண்ணாடி வேண்டாம் தாத்தா. எழுத்தை எவ்வளவு வேணும்னாலும் பெரிசு பண்ணிக்கலாம்" என்கிறான். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சித்தப்பா அனுப்பிய 'பொன்னியின் செல்வன்' பி.டி.எஃப்பையும் அன்றிரவே ஏற்றித் தருகிறான்.

திறந்தால், எறும்பு ஊர்வதுபோல எழுத்து. விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே போய்விடுகிறது. மூன்றாம் நாள் கிண்டில் அலமாரிக்குள் போகிறது. தாத்தா மறுபடியும் டி.வி முன்னால்!

பல வீடுகளில் நடக்கும் கதை இது. தப்பு கிண்டில் மேலும் இல்லை, தாத்தாவின் கண் மேலும் இல்லை. ஃபைல்தான் தப்பு.

போட்டோ வேறு, புத்தகம் வேறு

வாட்ஸ்அப்பில் சுற்றும் பி.டி.எஃப்களில் பெரும்பாலானவை, அச்சுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தவை. அதாவது போட்டோ. பெரிய பக்கத்தை 6 அங்குலத் திரைக்குள் சுருக்கினால் எழுத்தும் சுருங்கத்தான் செய்யும். 'இ-பப்' என்ற வகை ஃபைல் அப்படியல்ல. எழுத்தைப் பெரிதாக்கினால் திரைக்குத் தகுந்தபடி வரிகள் தாமாகவே மடங்கிக்கொள்ளும்.

எங்கே கிடைக்கும்?

'மதுரைத் திட்டம்' 1998 பொங்கலன்று தொடங்கியது. பல நாடுகளில் வாழும் தமிழர்கள் சம்பளம் வாங்காமல் தட்டச்சு செய்து, பிழை திருத்தி ஏற்றிய நூல்கள் அதில் இருக்கின்றன. திருக்குறள் முதல் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்கள் வரை இலவசம். வலைப்பக்கமாக இருக்கும் நூலைக் கம்ப்யூட்டரில் எச்.டி.எம்.எல் ஃபைலாகச் சேமித்து, அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' பக்கத்தில் போட்டால் போதும். வைஃபை இணைப்பில் இருக்கும் கிண்டிலுக்குப் புத்தகம் வந்து சேரும்.

இன்னொன்று, 'ஃப்ரீ தமிழ் இ-புக்ஸ்' தளம். எழுத்தாளர்களே 'யார் வேண்டுமானாலும் பகிரலாம்' என்று உரிமை தந்த நூல்கள் இங்கே இ-பப்பாகவே கிடைக்கின்றன. போனில் இறக்கி, 'ஷேர்' கொடுத்து, கிண்டில் ஆப்பைத் தேர்ந்தெடுங்கள். கிண்டிலில் உள்ள அதே அமேசான் கணக்கு போனிலும் இருக்க வேண்டும். கேபிள் மூலம் இ-பப்பை அப்படியே காப்பி செய்தால் கிண்டில் திறக்காது. இந்த வழியில்தான் அனுப்ப வேண்டும்.

எது இலவசம், எது திருட்டு?

இந்தியச் சட்டப்படி, எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை அவர் எழுத்துக்கு உரிமை உண்டு. 1964-ல் இறந்தவரின் நூல்கள் 2025 ஜனவரி 1 முதல் எல்லோருக்கும் பொது. அதற்கு முன்பே பொதுவாகும் நூல்களும் உண்டு. குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியவை அவை. கல்கியின் எழுத்துகள் அந்தப் பட்டியலில் இருப்பவை. ஆனால், புதிய பதிப்பில் உள்ள முன்னுரைக்கும் ஓவியங்களுக்கும் தனி உரிமை இருக்கலாம்.

போன மாதம் வெளிவந்த நாவல் டெலிகிராமில் பி.டி.எஃப்பாக வந்தால்? சந்தேகமே வேண்டாம், அது திருட்டு. பல தமிழ் நூல்கள் சில நூறு பிரதிகள்தான் அச்சாகின்றன. அதில் ஐம்பது பேர் ஃபார்வர்டில் படித்துவிட்டால், அந்த எழுத்தாளரின் அடுத்த புத்தகத்தை யார் போடுவார்கள்?

இரவல் வாங்கலாமே!

புது எழுத்தாளர்களைக் குறைந்த செலவில் படிக்க 'கிண்டில் அன்லிமிடெட்' இருக்கிறது. மாதச் சந்தா கட்டி, ஒரே நேரத்தில் 20 புத்தகங்கள் வரை இரவல் எடுக்கலாம். ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் இன்னொன்று. தாமே நேரடியாக நூலை வெளியிட்டு இதில் சேர்க்கும் எழுத்தாளர்களுக்கு, வாசகர் எத்தனை பக்கம் படித்தாரோ அதற்கேற்பப் பணம் போகிறது. பாதியில் நிறுத்தினாலும் படித்த பக்கத்துக்குக் காசு உண்டு! சந்தாவை நிறுத்தினால் இரவல் புத்தகங்கள் போய்விடும். மதுரைத் திட்டத்தில் எடுத்தவை உங்களிடமே இருக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அலமாரியில் கிடக்கும் கிண்டிலை எடுத்து சார்ஜ் போடுங்கள். சரியான ஃபைலை ஏற்றி, எழுத்தைப் பெரிதாக்கி, தாத்தா கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் நகர்ந்துவிடுங்கள்.

"டேய், இரண்டாம் பாகம் எங்கேடா?" என்று அவரே கூப்பிடுவார்.