ஆயுள் முழுவதும் என்றார்களே!

சகோதரிகளே, என் மாமியாரின் பட்டன் போன் ஒரே சேதிக்காகத்தான். காற்று திரும்பினால் எங்கள் வள்ளம் வேம்பாரில் ஒதுங்கும். உடனே இவர் அம்மாவுக்குச் சொல்லிவிடுவார்.

2003-ல் ரிலையன்ஸ் 501 ரூபாய்க்குப் போனையே கையில் கொடுத்தது. சும்மாவா? மிச்சத்தை மாதக் கட்டணத்தில் பிடித்துக்கொண்டது! 2006-ல் வேறு கம்பெனிக்கு நாங்கள் 999 ரூபாய் கட்டினோம். "ஆயுள் முழுக்க இன்கமிங் வரும்" என்றார்கள். யாருடைய ஆயுள் என்று கேட்கத் தோன்றவில்லை, பாருங்கள்.

2016-ல் ஜியோ வந்தது. விலைப்போட்டியில் சில கம்பெனிகள் மூடியே போயின. மிஞ்சிய பெரிய கம்பெனிகள் 2018 கடைசியில், குறைந்தது 35 ரூபாயாவது போட்டால்தான் லைன் என்றன. எங்களுக்கு அது தெரியாது. ஒருநாள் காற்று பலமாக அடித்தது. நான் தாய்வீட்டில் இருந்தேன். மாமியாரின் போன் அடிக்கவேயில்லை. பாவம், விடியும்வரை கரையிலேயே உட்கார்ந்திருந்தாராம்!

இன்னொன்று, அவர்கள் மாதம் 28 நாள். வருஷத்துக்கு 13 தடவை பணம். பால்காரர் இப்படிக் கணக்குப் போட்டால் விடுவோமா?

நம்பரை விட்டுத் தொலைக்கவும் முடியாது. பேங்கில் கொடுத்திருப்பது அதுதானே.

2024 டிசம்பரில் டிராய் ஓர் உத்தரவு போட்டது. இன்டர்நெட் இல்லாமல், பேச்சும் எஸ்.எம்.எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டமும் தரவேண்டும். 365 நாள்வரைகூட இருக்கலாம். கடையில் தானாகச் சொல்லமாட்டார்கள், நீங்கள்தான் வாய்விட்டுக் கேட்கவேண்டும். நான் கேட்டு, மாமியாருக்கு ஒரு வருஷத்துக்குப் போட்டுவிட்டேன். முடியும் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன்.