கண்ணாடி அலமாரியில் ஒரு கடற்கல்

அம்பிட்டியவில் நாம் சென்றிருந்த ஒரு வீட்டின் கண்ணாடி அலமாரியில் வெண்ணிறக் கல் ஒன்று வீற்றிருந்தது. கிளைவிட்ட மான்கொம்பு போன்ற அழகு. "திருகோணமலைக்குப் போனபோது எடுத்து வந்தோம்" என்றார் வீட்டுத் தலைவர். அது வெறுங் கல் அன்று, உயிரோடிருந்த ஒரு கூட்டத்தின் எலும்பு என்று நாம் கூறியதும் பிள்ளைகள் திகைத்து நின்றனர்.

முருகைக்கல் என்பது ஆயிரக்கணக்கான சிறு பிராணிகள் கூடி வாழும் இல்லமாகும். கடல் நீரிலுள்ள சுண்ணாம்பைக் கொண்டு அவை தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. அவற்றின் உடலினுள்ளே நுண்ணிய பாசி குடியிருந்து, சூரிய ஒளியால் உணவு ஆக்கி அவற்றுக்கும் அளிக்கிறது. திரண்ட பாறைபோல் வளரும் இனங்கள் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றரே உயர்கின்றன. நம் சிறுவன் ஏறி நிற்கும் முழங்கால் உயரக் கல், அவன் தந்தையினும் மூத்ததாக இருக்கலாம்!

கண்டியைச் சுற்றியோடும் மகாவலி சென்று கலப்பது திருகோணமலைக் கடலிலேதான். ஆதலின் அக்கடல் மலைநாட்டாராகிய நமக்கு அந்நியமன்று. மே முதல் செப்டெம்பர் வரை அங்கு அலை அடங்கியிருக்கும். ஆகஸ்ட் விடுமுறையில் மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை வழியாகச் சென்று, திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளியை அடைந்தால், கரையிலிருந்து சுமார் 1 கிலோமீற்றர் தூரத்தில் புறாத்தீவு தோன்றும். மாடப்புறாக்கள் வாழ்வதால் வந்த பெயர் அது. 1963ஆம் ஆண்டு சரணாலயமாகவும், 2003ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாகவும் அத்தீவு பிரகடனம் செய்யப்பட்டது. ஆகவே கூடாரம் அடிக்க விரும்புவோர் கரையிலேயே தங்கி, பகலில் படகேறிச் சென்று மீள வேண்டும்.

முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து குப்புற மிதந்தால், கிளிமீன்கள் முருகைக்கல்லைக் கொறிப்பதைக் காணலாம். துடுப்பின் நுனி கறுத்த சிறு சுறாக்களும் உலவும். நாம் சீண்டாத வரையில் அவை விலகிச் செல்வனவே. இடர் விளைவது பெரும்பாலும் மனிதராலேதான். நீந்திப் பழகாதவர் களைத்ததும் காலூன்ற இடம் தேடுவர். காலுக்கு அகப்படுவது முருகைக்கல்! ஒரு கணத்தில் பல்லாண்டு வளர்ச்சி நொறுங்குகிறது, காலும் கிழிபடுகிறது. மிதவைச் சட்டை அணிவதும், குழாயினால் மூச்சுவிடுவதை மணற்பாங்கான ஆழமற்ற நீரில் முன்னதாகப் பழகுவதும் இதற்கு நல்ல பரிகாரம்.

1998ஆம் ஆண்டு கடல் மிகச் சூடேறியபோது, உள்ளிருந்த பாசியை இழந்து ஹிக்கடுவை, கற்பிட்டிப் பகுதிகளின் முருகைக்கற்கள் வெளுத்துப் பெருமளவில் மடிந்தன. புறாத்தீவோ அவ்வாண்டில் பெரும்பாலும் தப்பியது. கடலின் வெப்பத்தைத் தணிப்பது ஒரு குடும்பத்தால் ஆகும் காரியமன்று. வெப்பத்துக்குத் தப்பியதை மிதிக்காமல் விடுவது ஒவ்வொரு குடும்பத்தாலும் ஆகும்.

நாம் விடைபெறும் வேளையில் அவ்வீட்டுச் சிறுமி, "மாமா, இதைத் திரும்பக் கடலில் போட்டால் உயிர் வருமா?" என்று வினவினாள். வராது, அம்மா. அது அலமாரியிலேயே இருக்கட்டும். அதன் அருகே இன்னொன்று வாராதிருந்தால் போதும்.