போட் எங்க நிக்குது எண்டு ஆர் சொல்லவேணும்?

சித்தப்பா தொழிலுக்குப் போனால், கரை மறைஞ்ச கொஞ்ச நேரத்தில அவரின்ர போன் வேலைசெய்யாது. பிறகு விடியும்வரை சித்திக்கு நித்திரை இல்லை. ஓர்ஸ் ஹில்லில் நின்றால் உள் துறைமுகத்துக் கப்பல் வெளிச்சம் தெரியும். திருக்கடலூரிலிருந்து வெளிக்கடலுக்குப் போன பைபர் போட் தெரியாது.

அமெச்சூர் றேடியோக்காரரிட்ட இதுக்கு ஒரு வழி இருக்கு: ஏபிஆர்எஸ். அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் வேலைசெய்த பொப் புருனிங்கா உருவாக்கியது. ஜீபிஎஸ் சொல்லும் இடத்தை ஒரு சின்னத் தகவலாக்கி விஎச்எப் அலையில் அனுப்பும். போன் கோபுரம் தேவையில்லை. கடல்மட்டத்திலிருந்து 50 மீற்றர் உயரத்தில் ஒரு அன்ரெனா, போட்டில 2 மீற்றர் உயரத்தில் இன்னொன்று இருந்தால், இடையில் மறைப்பு இல்லாதவிடத்து ஏறக்குறைய 35 கிலோமீற்றர் எட்டும்.

கணக்குப் பார்த்திட்டு ஓடிப்போய்ச் சொன்னன். சித்தப்பா சிரிச்சார். "நான் எங்க வலை போடுறன் எண்டு ஊருக்கே காட்டவோ?"

அவர் கேட்டது சரி. அமெச்சூர் அலைவரிசையில் செய்தியை மறைச்சு அனுப்பக்கூடாது. கருவி வைத்திருக்கிற ஆரும் வாசிக்கலாம். அனுப்ப லைசன்ஸ் வேணும். அதுவும் உழைப்புக்குப் பாவிக்க ஏலாது. இதெல்லாம் பார்க்காமல் துள்ளினது நான்தான்.

பலநாள் போட்டுகளுக்கு வேற ஏற்பாடு. 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் எங்கட மீனுக்குத் தடை போட்டது, 2016 ஜூனில் எடுத்தது. அந்த நெருக்கடியில்தான் பலநாள் போட்டுகளில் செயற்கைக்கோள் கருவி பூட்டுறது மும்முரமானது. போட் இருக்கும் இடம் திணைக்களத்துக்குப் போகும். ஏற்றுமதிக்கு அது தேவைதான். ஆனால் யுத்த காலத்தில் பாஸ் காட்டிக் கடலுக்குப் போன ஆக்களிட்ட "உங்களை எப்பவும் பார்த்துக்கொண்டிருப்பம்" எண்டு சொன்னால் அவர்கள் முகம் சுளிக்கிறதில் எனக்கு ஆச்சரியமில்லை.

புருனிங்காவும் ஏபிஆர்எஸை வெறும் வாகனம் தேடுற கருவியாகப் பார்க்காதேங்கோ எண்டுதான் சொல்லிவந்தார். தன் இடத்தைத் தானே அறிவிச்சு, மற்ற ஆக்களோட பேசுறதுக்குத்தான் அது.

சின்ன போட்டுக்கு வேண்டியதும் அதுதான்: சாதாரண நாளில் சும்மா கிடக்கிற, ஆபத்தில் அமத்தினால் மட்டும் இடத்தைச் சொல்லுற கருவி. 406 மெகாஹேர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு அபாய அழைப்பு அனுப்பும் கருவிகள் அப்படித்தான் வேலைசெய்யுது. பைபர் போட்காரர் வாங்கக்கூடிய விலையில் இல்லை. அதுக்கு மானியம் கேட்கவேணும், எரிபொருளுக்குக் கேட்கிற மாதிரி.

சித்தப்பாவிட்ட திரும்பக் கேட்டன். "பட்டன் என்ர கையில எண்டால் ஓம். ஆனா தண்ணி பட்டாப் பழுதாகுமோ?"