பாட்டி விட்டுப்போன பேய்

பிள்ளை பேய்க்கதைப் புத்தகத்தோடு படுக்கைக்குப் போனால், "மூடி வை, ராத்திரியில தூக்கம் வராது" என்று அதட்டாத பெற்றோர் குறைவு. அதட்டிவிட்டு அதே பெற்றோர் கூடத்தில் உட்கார்ந்து நள்ளிரவு வரை பேய்ப்படம் பார்ப்பார்கள் என்பது வேறு கதை!

அண்மை ஆண்டுகளில் ஆங்கிலத்தில் வந்த சில திகில் நாவல்களையும் அறிவியல் புனைகதைகளையும் அடுத்தடுத்துப் படித்தேன். எல்லாவற்றிலும் ஒரு பொதுவான இழை ஓடுகிறது. இந்தப் பேய்கள் சுடுகாட்டிலிருந்து கிளம்பி வரவில்லை, குடும்பத்துக்குள்ளிருந்து வருகின்றன. பெரியவர்கள் சொல்லாமல் விட்டது, செய்துவிட்டு மறைத்தது, அப்படி ஏதோ ஒன்று பேரப்பிள்ளையின் தலைமாட்டில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வீடும் நகையும் வாரிசுக்கு வருவதுபோல் பேயும் வருகிறது.

அம்மா சொல்லாத கதை

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு மலேசிய எழுத்தாளர் ஹன்னா அல்காஃப் 2020இல் வெளியிட்ட 'தி கேர்ள் அண்ட் தி கோஸ்ட்'. நம் மலாய் அண்டைவீட்டார் சொல்லிக் கேள்விப்பட்டிருக்கும் பெலெசிட்தான் இதில் பேய். வெட்டுக்கிளி உருவில் திரியும், எஜமானி சொன்னதைச் செய்யும், அவர் இறந்தால் அடுத்த வாரிசைத் தேடிப் போகும். கதையில் சூனியக்காரப் பாட்டி இறந்ததும் பெலெசிட் பேத்தி சுராயாவிடம் வந்து சேர்கிறது. அந்தச் சிறுமி அதற்கு வைக்கும் பெயர் 'பிங்க்'!

பிங்க் அவளுக்குத் தோழனாகிறது. பட்டணத்துப் பள்ளியில் அவளுக்கு ஜிங் என்ற மனிதத் தோழி கிடைத்ததும் அதற்குப் பொறாமை வருகிறது. அதன்பிறகு நடப்பது பேய்க்கதை மாதிரியும் இருக்கிறது, நட்பில் ஒருவர் இன்னொருவரை மூச்சுமுட்டப் பிடித்துவைக்கும் கதை மாதிரியும் இருக்கிறது. ஆனால் என்னை அதிகம் உலுக்கியது பிங்க் இல்லை, சுராயாவின் அம்மா. தன் தாயைப் பற்றி மகளிடம் வாயே திறக்காத ஆசிரியை அவர். அந்த மௌனம் உடைந்திருந்தால் பாதிப் பிரச்சினை வந்தே இருக்காது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தயங்காமல் கொடுக்கலாம். பயம் கொஞ்சம்தான், முடிவில் கண் கலங்கும்.

இதே இழையைப் பெரியவர்களுக்காகப் பின்னியிருப்பவர் ஸென் சோ. இவரும் மலேசியர். 2021இல் வந்த 'பிளாக் வாட்டர் சிஸ்டர்' நாவலில், அமெரிக்காவில் வளர்ந்த ஜெஸ் பெற்றோருடன் பினாங்குக்குத் திரும்புகிறாள். தலைக்குள் ஒரு குரல் கேட்க ஆரம்பிக்கிறது. இறந்துபோன பாட்டி! உயிரோடு இருந்தபோது ஒரு தெய்வத்துக்குச் சாமியாடியாக இருந்தவர். அந்தத் தெய்வத்தின் கோவிலை இடித்துக் கட்டடம் கட்ட நினைக்கும் பணக்காரர்மீது அவருக்குத் தீராத கோபம். பழிவாங்கப் பேத்தியின் உடம்பு வேண்டும்.

பாட்டி வம்பு பேசுகிறார், திட்டுகிறார், பேத்தியின் வாழ்க்கையில் மூக்கை நுழைக்கிறார். முதல் நூறு பக்கங்கள் வாய்விட்டுச் சிரிக்க வைக்கும். பிறகு சிரிப்பு மெல்ல உறைகிறது. அந்தத் தெய்வம் ஒருகாலத்தில் கொடூரமாகச் செத்துப்போன ஒரு பெண் என்று தெரியவரும்போது, நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது. அநியாயமாக உயிர்போனவரைத் தெய்வமாக்கிக் கும்பிடுவது நம் நாட்டார் வழிபாட்டில் இருப்பதுதானே? மதுரை வீரன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டம் வந்தபோது கோவில் என்ன ஆகுமோ என்று கவலைப்பட்ட குடும்பங்களுக்கு இந்த நாவலின் பயம் இன்னும் நெருக்கமாக இருக்கும். வன்முறைக் காட்சிகள் உண்டு. மேல்நிலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்முன் நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள்.

ரப்பர் தோட்டத்தில் ஒரு தமிழ்ப் பெண்

யாங்ஸி சூ எழுதிய 'தி நைட் டைகர்' 2019இல் வந்தது. 1931ஆம் ஆண்டின் பத்து காஜாவும் ஈப்போவும்தான் களம். வெள்ளைக்கார மருத்துவர் ஒருவர் சாகும்போது, வெட்டி எடுக்கப்பட்ட தன் விரலைக் கண்டுபிடித்துத் தன் சமாதியில் சேர்க்கும்படி பதினோரு வயது வேலைக்காரப் பையன் ரென்னிடம் சொல்லிவிட்டுப் போகிறார். கெடு 49 நாள். இடையில் மனிதன் புலியாகும் கதை, ஈப்போவின் நடன விடுதி, மருத்துவமனை மர்மம். கிந்தா பள்ளத்தாக்கின் வெக்கையும் மழையும் பக்கத்துக்குப் பக்கம் வீசும். கதை ஓட்டத்தில் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஓர் இடத்தில் எனக்குத் தொண்டையில் முள் மாட்டிக்கொண்டது. அந்த வட்டாரத்து ரப்பர் தோட்டத்தில் ஒரு பெண்ணின் சிதைந்த உடல் கிடைக்கிறது. புலி அடித்ததா, வேறு ஏதாவதா என்று ஊரே பேசுகிறது. அவள் பெயர் அம்பிகா. தமிழச்சி. ஆங்கிலேய மருத்துவர் ஒருவருடன் அவளுக்கு இருந்த தொடர்பு பிறகு தெரியவருகிறது. அவளுக்கு அதற்குமேல் கதையில் இடமில்லை. மருத்துவரின் குற்றவுணர்ச்சி நமக்குத் தெரிகிறது, ரென்னின் கனவு தெரிகிறது. அம்பிகா காலையில் எத்தனை மணிக்குப் பெரட்டுக்குப் போனாள், அவள் வீட்டில் யார் அழுதார்கள் என்பது தெரிவதில்லை.

இதை நூலாசிரியர்மீது வைக்கும் குற்றமாகச் சொல்லவில்லை. அவர் தன் பாட்டன் பாட்டி உலகத்தை எழுதினார், நன்றாகவே எழுதினார். அம்பிகாவின் உலகத்தை எழுத வேண்டியவர்கள் நாம்.

எப்படி எழுதலாம் என்பதற்கு ஒரு பாடம் 2025இல் வந்திருக்கிறது. ஸ்டீஃபன் கிரஹாம் ஜோன்ஸ் அமெரிக்காவின் பிளாக்ஃபீட் பழங்குடியைச் சேர்ந்தவர். அவருடைய 'தி பஃபலோ ஹண்டர் ஹண்டர்' ஓர் இரத்தக்காட்டேரிக் கதை. 1870 ஜனவரியில் மொன்டானாவில் அமெரிக்கப் படை பிளாக்ஃபீட் மக்களின் குளிர்கால முகாமைச் சுட்டுப் பொசுக்கியது. ஏறத்தாழ 200 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். இது கற்பனையில்லை, வரலாறு. நாவலில், 1912இல் குட் ஸ்டாப் என்ற பிளாக்ஃபீட் ஆள் ஒரு பாதிரியாரிடம் வந்து தன் கதையைச் சொல்கிறான். பாதிரியார் எழுதிய நாட்குறிப்பு நூறு ஆண்டு கழித்து அவருடைய வம்சத்துப் பெண்ணின் கைக்கு வருகிறது.

குட் ஸ்டாப்பின் சாபம் விசித்திரமானது. எதன் இரத்தத்தைக் குடிக்கிறானோ அதுவாகவே மாறத் தொடங்குவான். மானைக் குடித்தால் கொம்பு முளைக்கும். வெள்ளைக்காரர்களைக் குடித்தால் தாடி வளரும். தான் பிளாக்ஃபீட்டாகவே இருக்கவேண்டுமென்றால் தன் சொந்த மக்களைத்தான் குடிக்கவேண்டும். ஓர் இனத்தின் அழிவைப் பற்றி எத்தனையோ கட்டுரை படிக்கலாம். இந்த ஒரு கற்பனை அதையெல்லாம் தாண்டிக் குத்துகிறது. மெதுவாகத் தொடங்கும், இரத்தம் நிறைய, பெரியவர்களுக்கு மட்டும். நான் படித்ததில் இந்த வரிசையின் சிறந்த நூல் இதுதான்.

படித்து முடித்ததும் நினைவுக்கு வந்தது சயாம் மரண ரயில். 1942, 43இல் ஜப்பானியர் போட்ட அந்த 415 கிலோமீட்டர்த் தண்டவாளத்துக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து எத்தனை ஆயிரம் தமிழர்கள் போனார்கள், எத்தனை பேர் திரும்பவில்லை! ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' நாவலில் அதைப் பதிவு செய்தார். அந்தக் காட்டில் கிடக்கும் நம்மவர்கள் பேயாக எழுந்து வந்து கணக்குக் கேட்டால் எப்படி இருக்கும்? இளம் எழுத்தாளர் யாராவது துணிந்து எழுதினால் முதல் பிரதியை நான் வாங்குவேன்.

ஏமாற்றம் தந்தது

எல்லாமே பிரமாதம் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். கசாண்ட்ரா காவ், மலேசியப் பின்னணி கொண்டவர். அவருடைய 'நத்திங் பட் பிளாக்கண்ட் டீத்' 2021இல் வந்தது. ஜப்பானில் ஒரு பாழடைந்த மாளிகையில் நண்பர் கூட்டம் திருமணம் நடத்தப் போகிறது. அங்கே உயிரோடு புதைக்கப்பட்ட ஒரு மணமகள் காத்திருக்கிறாள். கேட்கவே சிலிர்க்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் வாக்கியங்கள் கல்யாண வீட்டு நகைபோல ஒன்றன்மேல் ஒன்றாகச் சுமத்தப்பட்டிருக்கின்றன. நண்பர்கள் ஓயாமல் சண்டை போடுகிறார்கள். பேய் வருவதற்குள் நமக்கே அந்த வீட்டைவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று தோன்றிவிடுகிறது. நல்லவேளை, சிறிய நூல்.

நாம் விட்டுப்போகப்போவது

திகில் நாவல்கள் முன்னோர் வைத்துப்போன கடனைப் பேசுகின்றன என்றால், அறிவியல் புனைகதைகள் நாம் பிள்ளைகளுக்கு வைத்துப்போகும் கடனைப் பேசுகின்றன.

நோபெல் பரிசு பெற்ற கசுவோ இஷிகுரோவின் 'கிளாரா அண்ட் தி சன்' 2021இல் வந்தது. கிளாரா, பிள்ளைகளுக்குத் துணையாக விற்கப்படும் ஓர் இயந்திரப் பெண். சூரிய ஒளிதான் அவளுக்குச் சாப்பாடு. நோயாளிச் சிறுமி ஜோசிக்காக அவளை வாங்குகிறார்கள். அந்த உலகத்தில் வசதியுள்ள பெற்றோர் பிள்ளைகளின் மரபணுவைத் திருத்திக் கெட்டிக்காரர்களாக்குகிறார்கள். திருத்தப்படாத பிள்ளைக்குப் பல்கலைக்கழகக் கதவு கிட்டத்தட்ட மூடியிருக்கிறது. திருத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். தெரிந்தும் பெற்றோர் துணிகிறார்கள். சனி, ஞாயிறு என்று பாராமல் பிள்ளையை ஒரு டியூஷனிலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றிப்போகும் நம்மில் பலர், அந்த அம்மாவை எளிதில் திட்டிவிட முடியாது. பேயே இல்லாத இந்த நாவல்தான் எனக்கு அதிகப் பயம் தந்தது.

இயந்திரத் துணை தமிழுக்குப் புதிதில்லை. சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா'வின் ஜீனோவை மறக்க முடியுமா? புத்தகம் படித்துப் படித்து மனிதரைவிடத் தெளிவாகச் சிந்திக்கும் இயந்திர நாய். அந்தக் கதை நடப்பதாக அவர் வைத்த ஆண்டு 2021. கிளாரா கடைக்கு வந்ததும் அதே ஆண்டு! ஆங்கிலத்தில் கிளாராவைப் படிக்கும் பிள்ளைக்குத் தமிழில் ஜீனோவைக் கையில் கொடுத்துப் பாருங்கள். இரண்டையும் ஒப்பிட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு வாரம் பேசலாம்.

கடைசியாக, மனதைத் தூக்கிவிடும் ஒன்று. ஆண்டி வியர் எழுதிய 'புராஜெக்ட் ஹெயில் மேரி', இதுவும் 2021. சூரிய ஒளியைத் தின்னும் நுண்ணுயிரியால் பூமி உறைந்துபோகும் நிலை. விரிவுரைத்தாள் வாசனை மாறாத பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவர், யாருமற்ற விண்கலத்தில் தான் யாரென்றே தெரியாமல் கண்விழிக்கிறார். பொருளைக் கீழே போட்டு, விழும் நேரத்தை அளந்து, ஈர்ப்பு விசையைக் கணக்கிட்டு, தான் பூமியில் இல்லை என்று கண்டுபிடிக்கிறார். நான்காம் படிவ இயற்பியல்தான்! "இதெல்லாம் படிச்சு என்ன பண்ணப்போறேன்?" என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

வழியில் இன்னொரு கோளின் பொறியாளர் ராக்கியைச் சந்திக்கிறார். ஐந்து கால், பாறை உடம்பு, பேச்சு முழுக்க இசை. ராக்கியின் இனத்தில் ஒருவர் தூங்கினால் இன்னொருவர் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்வது வழக்கம். மொழியே புரியாத இருவர், ஒருவர் தூக்கத்துக்கு ஒருவர் காவலிருக்கும் இடம் அழகு. மற்ற மனிதப் பாத்திரங்கள் எல்லாரும் ஒரே மாதிரி ஜோக்கடிப்பது மட்டும் சலிப்பு. பதின்மூன்று வயதிலிருந்து படிக்கலாம்.

பிள்ளைகள் பேய்க்கதை படிக்கட்டும். படித்துவிட்டு வந்து, "நம்ம பாட்டி காலத்துல தோட்டத்துல என்ன நடந்துச்சு?" என்று கேட்டால், "அதெல்லாம் உனக்கெதுக்கு?" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு போன பிள்ளையின் கதிதான் சுராயாவின் கதை.