நினைவும் பக்கமும்

புதிய நூலுக்கு மதிப்புரை எழுதுவது ஓரளவு எளிது. எழுதுபவரும் படிப்பவரும் ஒரே காலத்தில் வாழ்கின்றனர். ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த படக்கதைக்கு மதிப்புரை எழுதுவது அவ்வாறன்று. அதைச் சிறுவயதில் படித்த பெரியவர், "அந்தக் காலத்துக் கதைகளுக்கு ஈடு இணை ஏது?" என்கிறார். இன்று முதன்முதலாகப் புரட்டும் சிறுவன், "வண்ணமே இல்லையே, இதில் என்ன இருக்கிறது?" என்கிறான். பெரியவர் தம் இளமையைப் புகழ்கிறார். சிறுவன் தாளின் பழுப்பைப் பழிக்கிறான். இருவரும் கதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பழைய படக்கதையை நினைவைக் கொண்டு மதிப்பிடுவது பொருந்தாது. பக்கத்தில் உள்ளதைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

இரும்புக்கை மாயாவியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1972ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியபோது, அதன் முதல் இதழின் நாயகன் இவனே. ஆயினும் மாயாவி தமிழ்நாட்டில் பிறந்தவன் அல்லன். 1962இல் இங்கிலாந்தில் தொடங்கப்பெற்ற 'வேலியன்ட்' என்னும் சிறுவர் வார இதழில் தோன்றியவன். தொடக்கக் கதைகளை எழுதியவர் கென் பல்மர் என்னும் அறிவியல் புனைகதை எழுத்தாளர். படங்களை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பெயின் நாட்டு ஓவியர். கதை இதுதான்: ஆய்வுக்கூட உதவியாளனான லூயிஸ் கிராண்டெல் ஒரு விபத்தில் கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொள்கிறான். பின்னர் நேர்ந்த மற்றொரு விபத்தில் அவன்மீது மின்சாரம் பாய்கிறது. அவன் உடல் கண்ணுக்குப் புலப்படாமல் மறைகிறது. இரும்புக்கை மட்டும் மறையவில்லை.

இக்கதையை "அருமை" என்று மட்டும் எழுதினால் அது மதிப்புரை ஆகாது. எதனால் அருமை என்று காட்ட வேண்டும். பிளாஸ்கோவின் படங்கள் கறுப்பு வெள்ளையால் ஆனவை. ஒளியும் நிழலும் அவற்றில் அழுத்தமாக மோதுகின்றன. வெற்றிடத்தில் ஒரு கை மட்டும் தொங்குகிறது. அக்கைக்கு உரியவன் எங்கே நிற்கிறான், எப்பக்கம் திரும்பியிருக்கிறான் என்பதைப் படிப்பவரே உள்ளத்தில் வரைந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே, வண்ணம் இல்லாமை இங்குக் குறை ஆகாது. இருளும் மறைவுமே கதையின் பொருளாக இருக்கையில், கறுப்பு மையே அதற்கு ஏற்ற கருவி.

இனி, அறிவியலின் நிலை என்ன? உடல் முழுவதும் ஒளியை ஊடுருவ விட்டால் கண்ணின் விழித்திரையும் அவ்வாறே ஆகிவிடும். ஒளி அங்குத் தங்காது. எனவே மறைந்த மனிதனால் எதையும் பார்க்க இயலாது. இந்தக் கோணத்தில் மாயாவியின் அறிவியல் பிழையானது. இதை மதிப்புரையாளர் மறைக்க வேண்டியதில்லை. ஆனால், அறிவியல் புனைகதைக்கு மற்றோர் அளவுகோலும் உண்டு. கதை தானே வகுத்துக்கொண்ட விதியைத் தான் மதிக்கிறதா என்பதே அது. மறைவதற்கு மின்சாரம் வேண்டும். மறைந்தாலும் கை வெளியே தெரியும். இவ்விரண்டு விதிகளும் நாயகனின் வலிமைக்கு எல்லை கட்டுகின்றன. அந்த எல்லையால்தான் ஒவ்வொரு கட்டத்திலும் அவன் அகப்பட்டுக்கொள்வானோ என்னும் பதற்றம் பிறக்கிறது.

குறைகளும் உள. வாரந்தோறும் சில பக்கங்களாக வந்த தொடர் என்பதால், ஒவ்வொரு பகுதியும் ஒரு திடுக்கிடலில் முடிந்தாக வேண்டும். அவற்றை ஒரே நூலாகத் தொகுத்துப் படிக்கும்போது அத்திடுக்கிடல்கள் அடுக்கடுக்காக வந்து சலிப்பூட்டுகின்றன. பெண் பாத்திரங்கள் மிக அரிது. அதே வேளையில், தொடக்கத்தில் கிராண்டெல் தன் ஆற்றலைத் தீய வழியில் பயன்படுத்துகிறான்; பின்னரே நல்ல பக்கம் திரும்பி, உளவுப் பணியில் சேருகிறான். பெரியவர் பலரின் நினைவில் நிற்பது அந்த நல்ல மாயாவி மட்டுமே. பக்கத்தைப் புரட்டினால்தான், ஆற்றல் கிடைத்த மனிதன் முதலில் தடுமாறிய கதை தெரியவரும். தலைப்பையும் கவனிக்கலாம். ஆங்கிலத் தலைப்பு எஃகினால் ஆன நகத்தை மட்டுமே குறிக்கிறது. தமிழ்த் தலைப்போ வெளியே தெரியும் கையையும் மறைந்து திரியும் மனிதனையும் இரண்டே சொற்களில் அடக்கிவிடுகிறது. மொழிபெயர்த்தவரின் இத்திறமும் மதிப்புரையில் இடம்பெறத் தக்கது.

நினைவு இன்பமான குறைகளை மட்டும் மறைப்பதில்லை. வேதனை தரும் குறைகளையும் மறைத்துவிடுகிறது. பெல்ஜியம் நாட்டு ஓவியர் ஹெர்ஜே வரைந்த டின்டின் கதைகளை உலகமே கொண்டாடுகிறது. அவற்றுள் 'காங்கோவில் டின்டின்' 1930-31இல் தொடராக வந்தது. அக்காலத்தில் காங்கோ பெல்ஜியத்தின் ஆட்சியில் இருந்தது. கதையில் டின்டின் காங்கோ நாட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறான். பெல்ஜியமே அவர்களுடைய தாய்நாடு என்று கற்பிக்கிறான். ஆப்பிரிக்க மக்கள் அறிவற்றவர்களாக வரையப்பட்டுள்ளனர்.

"அக்காலம் அப்படிப்பட்டது, இன்றைய அளவுகோலால் அதை அளக்கலாமா?" என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. காலத்தைக் கூறாமல் குறையை மட்டும் கூறுவது முறையன்று. ஆனால், 1946இல் அந்நூலை வண்ணத்தில் புதிதாக வரைந்தபோது, ஹெர்ஜேயே அந்தப் பாடத்தைக் கணக்குப் பாடமாக மாற்றிவிட்டார். அப்பக்கம் அப்படியே நிற்கத் தகாதது என்று படைத்தவரே கருதியிருக்கையில், மதிப்புரையாளர் அதைச் சுட்டத் தயங்க வேண்டியதில்லை. "அப்படியானால் அந்நூலையே ஒழித்துவிடலாமே" என்பாரும் உளர். ஒழித்துவிட்டால், ஒரு நாடு மற்றொரு நாட்டின் பிள்ளைகளை எவ்வாறு நோக்கியது என்பதற்கான சான்றும் உடன் ஒழியும். நூலை வைத்துக்கொண்டு, அதன் குறையை வெளிப்படையாக எழுதுவதே தக்க வழி.

இந்தியாவிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்கரான லீ ஃபால்க் 1936இல் படைத்த முகமூடி வீரரைத் தமிழ் வாசகர் வேதாளர் என்று அறிவர். 1964இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் அவரை இந்திய மொழிகள் பலவற்றில் உலவவிட்டது. வேதாளர் வாழும் நாட்டின் பெயர் வங்காளத்தை நினைவூட்டியதால், இந்தியப் பதிப்பில் அது டென்காலி ஆயிற்று. சிங் என்று பெயர் கொண்ட கடற்கொள்ளையர் சிங்கா ஆயினர். ஆனால், ஆப்பிரிக்கக் காட்டு மக்களைக் காப்பதற்குத் தலைமுறை தலைமுறையாக ஒரு வெள்ளையர் வேண்டும் என்னும் கருத்து மாறவில்லை. தம் காலில் தைத்த முள்ளை எடுத்தவர்கள், பிறர் காலில் தைத்திருந்ததைக் காணவில்லை.

திரைப்படங்களை ஒட்டி வெளியிடப்படும் அறிவியல் புனைகதை நூல்களுக்கும் இதே நெறி பொருந்தும். படத்தின் நினைவில் நூலைப் பற்றி எழுதிவிடுவது எளிது. அது பிழையில் முடியும். '2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி' 1968இல் திரைப்படமாகவும் நூலாகவும் வந்தது. ஸ்டான்லி குப்ரிக்கின் படத்தில் விண்கலம் வியாழனை நோக்கிச் செல்கிறது, ஆர்தர் சி. கிளார்க்கின் நூலில் சனியை நோக்கிச் செல்கிறது. படம் மௌனமாகக் காட்டும் இறுதிப் பகுதியை நூல் சொற்களால் விளக்குகிறது. 'ஸ்டார் வார்ஸ்' நூலோ 1977இல் படம் வெளிவருவதற்கு முன்பே, 1976இல் வந்துவிட்டது. அட்டையில் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸின் பெயர் இருந்தது. எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர். உழைத்தவர் யார் என்று தேடிச் சொல்வதும் மதிப்புரையாளரின் கடமைகளுள் ஒன்று.

தமிழ்நாட்டிற்கு வெளியே வளரும் மாணவர்க்கு இது மிகவும் தேவையான பயிற்சி. பழைய தமிழ்ப் படக்கதைகள் அவர்களிடம் பெரும்பாலும் பெற்றோரின் பேச்சு வழியாகவே வந்து சேர்கின்றன. அப்பேச்சில் அன்பும் ஏக்கமும் நிறைந்திருக்கும். கதை குறைவாகவே இருக்கும். புகழ்ச்சியை மட்டும் கேட்டு வளரும் பிள்ளைக்கு, அந்நூல் என்றும் பெற்றோருடையதாகவே இருந்துவிடும். அதைத் திறந்து, எழுத்துக் கூட்டியேனும் படித்து, "இந்தப் படம் நன்று, இந்த இடம் சரியில்லை" என்று தமிழில் சொல்லத் தொடங்கும்போதுதான் அது அப்பிள்ளைக்கும் உரியதாகிறது. தந்தை கொண்டாடிய கதையில் மகள் ஒரு குறையைக் காட்டினால், அதனால் தந்தைக்கு இழப்பு ஒன்றும் இல்லை. முப்பது ஆண்டுகளாகத் தனியே நினைத்துக்கொண்டிருந்த கதையைப் பற்றி உரையாட அவருக்கு வீட்டிலேயே ஒருவர் கிடைத்துவிடுகிறார்.